பழைய விளம்பர அட்டையில் ஜப்பானியப் பெண்: கிமோனோ மடிப்பு ஏன் இடம் வலம் மாறியிருக்கிறது?

பழந்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன மாதம் ஐந்து அமெரிக்க விளம்பர அட்டைகள் ஒரே கட்டாகக் கிடைத்தன. 1880களைச் சேர்ந்தவை என்று விற்றவர் சொன்னார். தாளையும் அச்சையும் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. அந்தக் காலத்தில் அங்கே சோப்பு, தையல் நூல், அடுப்புப் பாலிஷ் வாங்கப் போனால் கடைக்காரர் இப்படி ஒரு வண்ண அட்டையைச் சும்மா கொடுப்பார். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் அவற்றை ஆல்பத்தில் ஒட்டிச் சேர்த்து வைப்பார்கள். என் அட்டைகளின் பின்பக்கத்திலும் காய்ந்த பசையோடு ஆல்பத் தாளின் கிழிசல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்தும் ஜப்பான் படங்கள். அவற்றில் ஒன்றைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. ஒரு பெண் குடை பிடித்து நிற்கிறாள். கொண்டையிலிருந்து எட்டு ஊசிகள் கதிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. இடுப்புப் பட்டை முன்பக்கம் பெரிய முடிச்சாகத் தொங்குகிறது. அவளுக்குப் பின்னால் ஒரு காகித விளக்கு, அதில் எழுத்து போல மூன்று கிறுக்கல்கள். அடியில் கறுப்பு மையில் ஒரு சோப்புக் கடையின் பெயர்.

இதை இன்னொரு குழுவில் போட்டபோது ஒருவர், "கிமோனோவின் வலப்பக்கம் மேலே வந்திருக்கிறது, அது பிணத்துக்கு உடுத்தும் முறை, வரைந்தவனுக்கு ஜப்பானைப் பற்றி ஒன்றும் தெரியாது, இது அவமதிப்பு" என்று எழுதினார். அன்றிலிருந்து அட்டையை எடுத்தாலே அந்த மடிப்புதான் கண்ணில் படுகிறது. அவர் சொன்னது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒசாகா மீனா எழுதியது:

அண்ணா, மடிப்பு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு ஒட்டிப் போட்டு, இடப்பக்கத்தை அதன் மேல் கொண்டுவர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே முறைதான். 719ஆம் ஆண்டிலேயே இதற்கு அரசாணை வந்திருக்கிறது. மாற்றிப் போடுவது இறந்தவர்களுக்கு மட்டும்.

நான் கிமோனோ உடுத்தக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மாற்றிப் போட்டுவிட்டேன். சொல்லிக்கொடுக்கும் அம்மா எதுவும் பேசவில்லை. நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தி, துணியைப் பிரித்து, சரியாக மாற்றிவிட்டு அப்புறம்தான் காரணம் சொன்னார். நம் வீட்டில் யாராவது தெற்குப் பார்த்து விளக்கேற்றப் போனால் பாட்டி ஓடி வந்து கையைப் பிடிப்பார்களே, அதே பதற்றம் அவர் முகத்தில் இருந்தது.

ஆனால் அந்த அட்டையில் என்னை அதிகம் நிறுத்தியது மடிப்பு இல்லை, முன்பக்க முடிச்சு. ஓபி என்கிற அந்தப் பட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் பெரும்பாலும் பின்னால்தான் முடிந்தார்கள். முன்னால் பெரிய முடிச்சு, தலை நிறைய ஊசிகள் என்றால் அது ஓய்ரான் கோலம். டோக்கியோவின் யோஷிவாரா போன்ற கேளிக்கைப் பகுதிகளில் இருந்த உயர்நிலைக் கணிகையர் அப்படி அலங்கரித்துக்கொள்வார்கள். உக்கியோ-எ மர அச்சுப் படங்களில் அவர்களும் நாடக நடிகர்களும்தான் அதிகம். மேற்கே போன படங்களிலும் அவர்களே அதிகம் இருந்தார்கள். அங்கே அந்தக் கோலம் "ஜப்பானியப் பெண்" என்பதற்கான பொது அடையாளமாகிவிட்டது. தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆல்பத்தில் ஒட்டிய சோப்பு அட்டையில் அவள் நிற்கிறாள். அவள் யார் என்று ஒட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

குமரன் எழுதியது:

நண்பர்களே, எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் படங்களில் கேலி எதுவும் இல்லையே? அழகாக, ஆசையாகத்தானே வரைந்திருக்கிறார்கள்? தெரியாமல் செய்த தவறுக்கு "அவமதிப்பு" என்ற பெரிய சொல் தேவையா? அதே காலத்தில் ஜப்பானிய ஓவியர்களும் வெள்ளைக்காரர்களைத் தங்கள் கற்பனைப்படி வரைந்திருப்பார்கள் அல்லவா?

வரலாற்று வாசகன் எழுதியது:

குமரன் தம்பி, வரைந்தார்கள். 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்ததும் சதஹிதே, யோஷிதோரா போன்றவர்கள் வெளிநாட்டவரை வரைந்து குவித்தார்கள். தாங்கள் கண்ணால் பார்க்காத மேற்கத்திய நகரங்களையும் அங்கிருந்து வந்த பத்திரிகைப் படங்களை வைத்து வரைந்தார்கள். அந்த வகையில் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஆனால் கேலி இல்லை என்பதால் விஷயம் முடிந்துவிடுவதில்லை. அதே அமெரிக்காவில், அதே வருடங்களில் வந்த வேறு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரஃப் ஆன் ராட்ஸ் என்ற எலி மருந்தின் அட்டை பெயர் பெற்றது. ஒரு சீனர் எலியை வாயில் போடப் போவதுபோல வரைந்து, "அவை போயாக வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரியும் போட்டிருப்பார்கள். சீனர்களைத் துரத்த வேண்டும் என்று அன்று தெருவில் போட்ட கோஷமும் அதுதான். 1882இல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடைச் சட்டமே வந்தது. கடைக்காரர் கொடுத்த அட்டையில் சீனர் அருவருப்பாக இருந்தார், ஜப்பானியப் பெண் அழகாக இருந்தாள். சீனர்கள் கலிஃபோர்னியாவில் கூலி வேலைக்குப் போட்டியாக வந்து நின்றார்கள். ஜப்பானியர்கள் அப்போது அங்கே மிகச் சிலர். ஜப்பான் என்றாலே பெரும்பாலானவர்களுக்கு விசிறியும் பீங்கானும் பட்டும்தான்.

ஜப்பானியர்களும் வேலை தேடி வரத் தொடங்கிய பிறகு அந்த அழகு அவர்களைக் காப்பாற்றவில்லை. 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர்களின் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். 1924இல் குடியேற்றக் கதவையே மூடினார்கள். ஐரோப்பாவிலும் இதே திருப்பம்தான். 1895இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் சொல்லி, ஹெர்மன் க்னாக்ஃபுஸ் கிழக்கிலிருந்து வரும் பேராபத்தாக ஆசியாவைக் காட்டும் படம் ஒன்றை வரைந்தார். அது அச்சாகிப் பரவியது. ஆகவே அட்டையின் அழகை நான் ரசிக்கிறேன். ஆனால் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். மரியாதை இருந்திருந்தால் அது மனிதர்கள் வந்து இறங்கிய பிறகும் நிலைத்திருக்கும்.

பழந்தாள் ஐயா, உங்கள் அட்டை 1885க்குப் பிந்தையதாக இருந்தால் படம் வந்ததற்கு இன்னொரு வழியும் உண்டு. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று லண்டன் சவோய் அரங்கில் ஜப்பானில் நடப்பதாகக் கதை சொல்லும் 'தி மிக்காடோ' என்ற ஆங்கில இசை நாடகம் தொடங்கியது. ஆகஸ்டில் நியூயார்க்குக்குப் போனது. அப்போது லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் ஜப்பானியர்களைக் கொண்டு ஒரு "ஜப்பானியக் கிராமம்" நடத்தினார்கள். நடிகைகளுக்கு நடையும் விசிறி பிடிப்பதும் பழக்க அங்கிருந்தே ஆட்களை அழைத்தார்கள். உடைகளுக்கு லண்டன் லிபர்ட்டி கடைத் துணி. நாடகம் வென்றதும் விளம்பர அட்டைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாடகத்தில் வரும் மூன்று பள்ளிப் பெண்களை எத்தனை பொருள்களுக்கு வரைந்தார்கள் என்று கணக்கில்லை. அந்த அட்டைகளில் இருப்பது ஜப்பானியப் பெண்ணே இல்லை, அவள் வேடம் கட்டிய ஆங்கில நடிகை. முகத்தைக் கவனியுங்கள்.

கல்லச்சு எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் சிவகாசிக்காரன். அப்பா அச்சுக் கல்லில் வேலை பார்த்தவர். நான் துத்தநாகத் தகட்டில் தொடங்கி ஆஃப்செட்டில் ஓய்வு பெற்றேன்.

லித்தோ என்கிற கல்லச்சில், கல்லில் என்ன வரைந்திருக்கிறதோ அது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும். மாவிளக்கு அச்சோ ரப்பர் ஸ்டாம்போ, எதை எடுத்தாலும் இதே கதைதான். அதனால் கல்லில் வரைபவர் எல்லாவற்றையும் திருப்பி வரைய வேண்டும். அப்பா எழுத்தைத் திருப்பி எழுதுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 'க'வின் வயிறு எதிர்ப்பக்கம் போகும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் வரும். பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார், வரைந்ததை அவ்வப்போது அதில் பார்த்துக்கொள்வார். இன்னொரு வழி, ட்ரான்ஸ்பர் தாளில் நேராக வரைந்து அதைக் கல்லில் அமுக்குவது. அப்போது கல்லில் திரும்பிவிடும், தாளில் நேராக வந்துவிடும். ஆஃப்செட் வந்த பிறகு இந்தக் கவலையே போய்விட்டது, நடுவில் ரப்பர் உருளை ஒரு தடவை திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

சரி, இப்போது அட்டைக்கு வருவோம். அமெரிக்காவில் வரைந்த ஆள் முன்னால் ஒரு ஜப்பானியப் படத்தை வைத்துக்கொண்டு கல்லில் அப்படியே நேராகப் பார்த்து வரைந்திருந்தால் என்ன ஆகும்? மூலத்தில் சரியாக இருந்த மடிப்பு தாளில் மாறி விழும். எழுத்து இருந்தால் அதுவும் மாறும். படிக்கத் தெரியாத எழுத்து என்பதால் அச்சகத்தில் யாருக்கும் அது உறைக்காது. ஆங்கில எழுத்து மாறியிருந்தால் முதல் தாளிலேயே கத்தியிருப்பார்கள்.

அப்படியானால் கடையின் பெயர் மட்டும் நேராக இருக்கிறதே என்று கேட்பீர்கள். அட்டையைத் திருப்பி, பெயருக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் அது ஈய எழுத்தில் தனியாக அடித்தது. படத்தை மட்டும் ஆயிரக்கணக்கில் அடித்து, பெயருக்கு இடம் விட்டு விற்பார்கள். ஊருக்கு ஊர் சின்ன அச்சகத்தில் அவரவர் கடைப் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். நம் ஊர் காலண்டர் வியாபாரமும் அப்படித்தானே?

லென்ஸ் வைத்து முகத்தையும் பாருங்கள். ஒழுங்கில்லாத சின்னச் சின்னப் புள்ளிகளாக இளஞ்சிவப்பு தெரிந்தால் அது கையால் குத்திய புள்ளி, கல்லச்சுதான். ஓரத்தில் எத்தனை நிறம் பிதுங்கியிருக்கிறது என்று எண்ணினால் எத்தனை கல் போட்டார்கள் என்றும் ஓரளவு சொல்லலாம்.

பழந்தாள் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்த கையோடு எடுத்துப் பார்த்தேன். பெயருக்குப் பின்னால் மேடு இருக்கிறது! விரலுக்கு நன்றாகவே தட்டுப்படுகிறது. படத்துக்குப் பின்னால் வழவழவென்று இருக்கிறது. முகத்தில் புள்ளிகள் நீங்கள் சொன்ன மாதிரியே, கன்னத்தில் நெருக்கமாக, நெற்றியில் அகலமாக. குடையின் ஓரத்தில் மஞ்சள், நீலம், இரண்டு சிவப்பு, சாம்பல் பிதுங்கியிருக்கின்றன.

நிலா வரைகலை எழுதியது:

கல்லச்சு ஐயா சொன்னதற்குப் பெரிய சாட்சியே உண்டு. 1886 மே மாதம் 'பாரி இல்லுஸ்த்ரே' என்ற பிரெஞ்சுப் பத்திரிகை ஜப்பானுக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது. அட்டையில் ஜப்பானிய ஓவியர் கெய்சாய் எய்சென் வரைந்த ஓய்ரான் படம், ஆனால் மூலத்துக்கு இடம் வலம் மாறி அச்சாகியிருந்தது. மறுவருடம் வான்கோ அந்த அட்டையிலிருந்துதான் உருவத்தைப் பிரதியெடுத்துக் கட்டம் போட்டுப் பெரிதாக்கித் தன் ஓவியத்தை வரைந்தார். அதனால் இன்றைக்கும் ஆம்ஸ்டர்டாமில் தொங்கும் அந்தப் பெண் எய்செனின் பெண்ணுக்கு எதிர்த் திசையில் திரும்பி நிற்கிறாள். அவளைச் சுற்றி வான்கோ கொக்கையும் தவளையையும் வரைந்திருக்கிறார். இரண்டும் பிரெஞ்சுக் கொச்சையில் விலைமகளைக் குறிக்கும் சொற்கள். மீனா அக்கா சொன்ன விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு அச்சகத்தில் நடந்த திருப்பம் அவ்வளவு பெரிய ஓவியர் வரைக்கும் போயிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் மடிப்பு மாறியிருந்தாலே படம் திரும்பியது என்று முடிவு கட்டிவிட முடியாது. மேற்கத்தியப் பெண்களின் சட்டையிலும் கோட்டிலும் வலப்பக்கம்தான் மேலே வரும், ஆண்களுடையதில் இடப்பக்கம். ஸ்டுடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் கிமோனோவைக் கொடுத்தால் அவள் பழக்கப்படி வலப்பக்கத்தை மேலே போட்டுக்கொள்வாள். ஓவியர் பார்த்ததை வரைவார். ஜப்பானிய வழக்கப்படி அது பிண உடுப்பாகிவிடும், இரண்டு பேருக்கும் தெரியாது. ஆகவே படத்தில் வேறு அடையாளமும் தேட வேண்டும். எழுதும் கை எது, சாமுராயின் வாள் இடது இடுப்பில் இருக்கிறதா, எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வடிவமைப்பாளராக ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கிமோனோ, விசிறி, குடை எதுவும் இல்லாமல் ஜப்பானை உள்வாங்கிய விளம்பர அச்சும் அதே காலத்தில் வந்தது. பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக் 1893இல் 'திவான் ஜபோனே' என்ற பாரீஸ் கேளிக்கை விடுதிக்குப் போட்ட சுவரொட்டியைப் பாருங்கள். அந்த விடுதியின் பெயரிலேயே ஜப்பான் இருக்கிறது, உள்ளே காகித விளக்கும் மூங்கிலுமாக அலங்காரம். அவரோ படத்தில் அவற்றைத் தொடவில்லை. முன்னால் நடனக்காரர் ஜேன் அவ்ரில் ஒரே கறுப்புத் திட்டாக உட்கார்ந்திருக்கிறார். மேடையில் பாடும் இவெத் கில்பெர்டின் தலையைத் தாளின் விளிம்பு வெட்டிவிட்டது, நீளக் கறுப்புக் கையுறையை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். நிழல் போடாமல் தட்டையான நிறம், அழுத்தமான கோடு, துணிந்து விளிம்பில் வெட்டுவது, எல்லாம் உக்கியோ-எ ஓவியர்கள் ஹிரோஷிகேயும் உத்தமாரோவும் செய்தவை. சோப்பு அட்டைக்காரர் பொருள்களை எடுத்துக்கொண்டார், லோத்ரெக் பார்க்கும் விதத்தைக் கற்றுக்கொண்டார். என் மனது லோத்ரெக் பக்கம்தான்.

ஒசாகா மீனா எழுதியது:

நிலா, கல்லச்சு ஐயா, உங்கள் இருவருக்கும் நன்றி. இதைப் படித்ததும் பழந்தாள் அண்ணா போட்ட ஸ்கேனை எடுத்துக் கணினியில் இடம் வலம் திருப்பினேன். மடிப்பு சரியாகிவிட்டது. அதை எதிர்பார்த்தேன். விளக்கைப் பெரிதாக்கியபோதுதான் கை நின்றுவிட்டது.

அண்ணா கிறுக்கல் என்று எழுதிய மூன்றில் முதல் இரண்டும் கிறுக்கல் இல்லை. திருப்பினால் முதல் எழுத்து 'கோ', மரியாதைக்கு முன்னால் சேர்ப்பது. இரண்டாவது 'ஷின்', தெய்வம். மூன்றாவதில் கோடுகள் குழம்பிவிட்டன. ஆனால் இந்த இரண்டுக்கும் பிறகு விளக்கில் வரக்கூடியது 'தோ'. மூன்றும் சேர்ந்தால் 'கோஷின்தோ', தெய்வத்துக்கு ஏற்றும் விளக்கு. கோவில்களில் தொங்கும். ஆடல் பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களின் வீட்டு வாசலிலும் தொங்கும்.

மூன்றாவது எழுத்தில் கோடுகள் மிக அதிகம். அந்த அட்டையில் அது மிளகு அளவு கூட இல்லை. ஒரு எழுத்துகூடத் தெரியாத ஆள் முதல் இரண்டையும் கோடு பிசகாமல் பார்த்து வரைந்திருக்கிறார். அவரை அலட்சியக்காரர் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. முன்பக்க முடிச்சு மட்டும் திருப்பினாலும் முன்பக்கம்தான். அது ஓய்ரானுக்குரியது, கெய்ஷா பின்னால்தான் முடிவாள். ஆகவே விளக்கு ஒரு படத்திலிருந்தும் பெண் இன்னொரு படத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

குமரன் எழுதியது:

மீனா அக்கா, படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. வரலாற்று வாசகன் சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். சீனர் அட்டையைத் தேடிப் பார்த்தேன், அதன் பிறகு இந்தக் குடைக்காரப் பெண்ணைப் பார்க்கும் கண் மாறித்தான் விட்டது. ஒரு கேள்வி மட்டும். ஜப்பானியர்கள் இதையெல்லாம் பார்த்து என்ன செய்தார்கள்? சும்மாவா இருந்தார்கள்?

வரலாற்று வாசகன் எழுதியது:

சும்மா இருக்கவில்லை, அவர்களும் விற்றார்கள். அன்று ஜப்பானின் பச்சைத் தேயிலைக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. யோகோஹாமாவிலும் கோபேயிலும் தேயிலைப் பெட்டிகளில் ஒட்ட வண்ண லேபிள் போட்டார்கள். அதற்கு ரஞ்ஜி என்று பெயர், ஹாலந்து எழுத்து என்று பொருள். உக்கியோ-எ அச்சுக்கு மரம் செதுக்கிய அதே கைகள் ஆங்கில எழுத்தையும் செதுக்கின. படத்தில் ஃபூஜி மலை, பூ, பறவை, கிமோனோ பெண். அமெரிக்கர் எதைப் பார்க்க விரும்பினாரோ அதைத் தெரிந்துதான் போட்டார்கள். பின்னாளில் கப்பல் கம்பெனிகளின் சுவரொட்டிகளும் அந்தப் பாதையில் போயின. ஆனால் அந்த லேபிள்களில் மடிப்பு தவறாக இருந்து நான் பார்த்ததில்லை.

கல்லச்சு எழுதியது:

லேபிள் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழில் தொடங்கும் முன் இந்தியாவில் ஜப்பான் தீப்பெட்டிதான் நிறைய விற்றது. நம் சாமி படங்களையே லேபிளாகப் போட்டு அனுப்பினார்கள். சாமிக்கு எந்தக் கையில் எது என்று யாரைக் கேட்டு வரைந்தார்களோ என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். பழந்தாள் தம்பி, மற்ற நான்கு அட்டையையும் இதேபோல ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே கட்டில் வந்ததால் ஒரே அச்சகம் என்று நினைத்துவிட வேண்டாம்.

பழந்தாள் எழுதியது:

இரண்டாவது அட்டையைப் பார்த்துவிட்டேன். ஒரு பெண் தாழ்வான மேசை முன் உட்கார்ந்து தூரிகையால் கடிதம் எழுதுகிறாள். மடிப்பு இதிலும் மாறித்தான் இருக்கிறது. ஆனால் தூரிகை வலது கையில். நிலா சொன்னபடி பார்த்தால் இது திரும்பிய படம் இல்லை, தவறாகவே உடுத்தியது. ஓபியும் பின்னால் ரிப்பன் பூ மாதிரி முடிந்திருக்கிறது, முகம் வேடம் கட்டிய வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். இரண்டு அட்டையிலும் தவறு ஒன்றுதான், வந்த வழி வேறு. அந்தக் குழுவில் எழுதியவருக்கும் இந்த இழையை அனுப்பப் போகிறேன்.

மீதி மூன்றையும் நாளை பகல் வெளிச்சத்தில் எடுக்கிறேன். மீனா, மூன்றாவதில் ஒரு கடைப் பலகை இருக்கிறது. நேராக ஒன்று, திருப்பி ஒன்று என்று இரண்டு ஸ்கேன் போடுகிறேன், படிக்க முடிகிறதா என்று பார்.